அக்சஸ் பாயின்ட்டில் எஸ்.என்.எம்.பி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் நிர்வகிக்கவும் உதவும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி.யைத் தவறாக அமைத்தாலும் அது வேலை செய்யும். அதுதான் இதில் உள்ள ஆபத்து. கண்காணிப்பு மென்பொருளில் கருவி பச்சையாகத் தெரியும், எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்ற வரைபடமும் வந்துவிடும். சரி, முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஸ்விட்ச்சையாவது பூட்டிய அறைக்குள் வைக்கலாம். வைஃபை தரும் அக்சஸ் பாயின்ட், முன்பின் தெரியாதவர்களின் போன்களோடு பேசுவதற்கென்றே இருக்கும் கருவி. அதன் நிர்வாக வாசல் அவர்கள் பக்கம் திறந்திருக்கவே கூடாது.

முதல் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் இன்றும் நடக்கிறது: படிப்பதற்கு ‘பப்ளிக்’, எழுதுவதற்கு ‘பிரைவேட்’ என்ற கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கை (கடவுச்சொல் போலப் பயன்படும் சொல்லை) அப்படியே விட்டுவிடுவது. அதை மாற்றினால் மட்டும் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளான வி1, வி2சி இரண்டிலும் அந்தச் சொல் மறைக்கப்படாமலே நெட்வொர்க்கில் போகிறது. பாக்கெட்டைப் பிடிக்க முடிந்தவர் அதைப் படித்துவிடுவார். எழுதும் அனுமதி திறந்திருந்தால், கருவியைப் பொறுத்து, அமைப்புகளை மாற்றவோ அதை ரீபூட் செய்யவோ கூட முடியும். கண்காணிப்புக்குப் படிக்கும் அனுமதியே போதும். எழுதும் அனுமதியை அணைத்துவிடுங்கள்.

2002-ல் முழுத் தரநிலை ஆன வி3 பதிப்புக்கு மாறுவதே சரி. மாறியவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். வி3-யில் மூன்று பாதுகாப்பு நிலைகள் உண்டு: சரிபார்ப்பும் குறியாக்கமும் இல்லாதது, சரிபார்ப்பு மட்டும் உள்ளது, இரண்டும் உள்ளது. முதல் நிலையில் பயனர் பெயரைத் தவிர எதுவும் கேட்கப்படாது, அதனால் வி3 என்ற பெயர்தான் மிச்சம். மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். சரிபார்ப்புக்கு எம்டி5 வேண்டாம், எஸ்.எச்.ஏ. வைத்துக்கொள்ளுங்கள்; குறியாக்கத்துக்கு டெஸ் வேண்டாம், ஏ.இ.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுங்கள்.

அப்புறம் எஞ்சின் ஐடி, அதாவது வி3-யில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்க வேண்டிய தனி அடையாளம். பலரின் நேரத்தைத் தின்பது இதுதான். வி3 பயனரின் சாவி, கடவுச்சொல்லையும் அந்தக் கருவியின் எஞ்சின் ஐடியையும் சேர்த்தே உருவாகிறது. ஒரு அக்சஸ் பாயின்ட்டின் கான்ஃபிக் ஃபைலை மற்றவற்றில் அப்படியே ஏற்றும்போது ஐடி மாறினால், ஃபைலில் இருக்கும் சாவி பொருந்தாது. ஐடியும் சேர்ந்து நகலானால் சிக்கல் இன்னும் மோசம். கருவி எத்தனை முறை பூட் ஆனது, பூட் ஆகி எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கை வி3 எஞ்சின் ஐடி வாரியாக வைத்திருக்கிறது. நேரம் 150 விநாடிக்கு மேல் விலகினால் செய்தியை நிராகரிக்கிறது. இரண்டு கருவிகளுக்கு ஒரே ஐடி இருந்தால் ஒரு சமயம் பதில் வரும், ஒரு சமயம் வராது. கேபிளையும் ஃபர்ம்வேரையும் சந்தேகப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள். நகலெடுத்தபின் ஒவ்வொரு கருவியிலும் ஐடி தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்து, வி3 பயனரை மறுபடி உருவாக்கிவிடுவது நல்லது.

நிர்வாகத்துக்குத் தனி விலான் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) வேண்டும். எந்த எஸ்.எஸ்.ஐ.டி.யும் (வைஃபை பெயரும்) அதில் சேரக் கூடாது. எஸ்.என்.எம்.பி. கேள்விகள் வரும் யுடிபி 161 போர்ட்டுக்குக் கண்காணிப்பு சர்வரின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். யுடிபியில் அனுப்புநர் முகவரியைப் போலியாக்க முடியும் என்பதால், இந்தத் தடையை மட்டும் நம்பி வி2சி-யிலேயே இருந்துவிட வேண்டாம்.

டிராப் (கருவி தானாக அனுப்பும் அறிவிப்பு) விஷயத்தில் 161-ஐத் திறந்துவிட்டு, டிராப் போய்ச் சேரும் 162-ஐ மறப்பது வழக்கம். டிராப் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கருவிக்குத் தெரியாது. ஒப்புகை வேண்டுமென்றால் இன்ஃபார்ம் என்ற வகை அறிவிப்பு இருக்கிறது. ஆனால் மின்சாரம் போன அக்சஸ் பாயின்ட் எதையும் அனுப்பாது. டிராப் வரவில்லை, எனவே எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளாமல், குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் பி.ஓ.இ. ஸ்விட்ச்சின் போர்ட் டவுன் டிராப்பும் இங்கே கைகொடுக்கும்.

வரைபடம் பொய் சொல்வதும் உண்டு. போன, வந்த பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்டர், 1 ஜிகாபிட் வேகம் முழுதாக ஓடும்போது சுமார் 34 விநாடியில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் எண் தப்பாகத்தான் வரும். 64 பிட் கவுன்டரையே படியுங்கள். வி1-ல் அது கிடையாது.

எல்லாம் அமைத்தபின் விருந்தினர் வைஃபையில் ஒரு லேப்டாப்பை இணைத்து, அக்சஸ் பாயின்ட்டின் நிர்வாக முகவரிக்கு எஸ்.என்.எம்.பி. வாக் (கருவியின் தகவல்களை வரிசையாகக் கேட்கும் கட்டளை) அனுப்பிப் பாருங்கள். பதில் எதுவும் வரக் கூடாது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகும், ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகும் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.