டிரெய்லர் விளக்கு மக்கர் பண்ணுகிறதா? வெள்ளை வயரைப் பாருங்கள்

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுக்கும் சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் 4 முனைத் தட்டை பிளக்தான் இருக்கும். வெள்ளை எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பழுப்பு டெயில் விளக்கு. மஞ்சள் இடப்பக்க இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலப்பக்கத்துக்கு அதே வேலை. பல்பை மாற்றியும் சரியாகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

1. பழுது காரிலா, டிரெய்லரிலா?

பிளக்கைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் (ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சிறு சோதனை விளக்கு) கிளிப்பை காரின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டி, உள்ளே ஒருவரை உட்காரவைத்து லைட், இடது, வலது, பிரேக் என்று வரிசையாகப் போடச் சொல்லுங்கள். கார் பக்க பிளக்கின் மூன்று துளைகளிலும் லேம்ப் எரிய வேண்டும். பிறகு கிளிப்பை அதே பிளக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை முனைக்கு மாற்றி மறுபடி பாருங்கள். இரும்பில் எரிந்து இதில் எரியவில்லையா? கார் பக்க எர்த் விட்டுப்போயிருக்கிறது.

இந்த வேலைக்கு மல்டிமீட்டரை விட இழை பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்தான் நல்லது. துருப்பிடித்து உள்ளே ஒரே ஒரு மெல்லிய கம்பி மிஞ்சிய வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் டெயிலுக்கும் பிரேக்குக்கும் தனித்தனி இழை உள்ள 1157 வகை பல்பின் பிரேக் இழைக்கு 2 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த ஒற்றைக் கம்பியால் அது முடியாது. (லேம்பை டிரெய்லர் பிளக்கோடு நிறுத்துங்கள். ஏர்பேக் வயர்களை அதால் தொடவே கூடாது.)

2. எர்த்

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கும். டெயில் விளக்கு எரியும்போது பிரேக் மிதித்தால் எல்லாமே அணையும். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் மற்ற பல்புகளின் இழை வழியே சுற்றுவதால் வரும் குழப்பம் இது. நிறுத்தியிருக்கும்போது சரியாக எரிந்து, ஓடும்போது விட்டு விட்டு எரிந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுவே: வெள்ளை வயர் அறுந்து, டிரெய்லரை காரோடு இணைக்கும் கொக்கியின் பந்து வழியாக மட்டும் எர்த் கிடைத்துக்கொண்டிருக்கும்.

டிரெய்லர் சட்டத்திலிருந்து கார் பேட்டரியின் நெகட்டிவுக்கு நீளமான ஒரு வயரைக் கொடுத்துப் பாருங்கள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் எர்த்தான் கோளாறு, சந்தேகமே வேண்டாம். எரியவில்லை என்றால் அதே வயரை ஒவ்வொரு விளக்கின் எர்த்திலும் தொட்டுப் பாருங்கள். விளக்குக்கும் சட்டத்துக்கும் இடையிலும் விட்டுப்போகும்.

சரிசெய்ய, பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்து, வளைய டெர்மினலை பல் வாஷரோடு முறுக்கி, மேலே ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசுங்கள். சட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுப்பது இன்னும் உத்தமம். முன்பகுதி மடங்கும் டிரெய்லர் என்றால் அது கட்டாயம். கீல் நல்ல எர்த் ஆகாது.

3. கன்வெர்ட்டர்

இண்டிகேட்டர் மஞ்சளாகவும் பிரேக் சிவப்பாகவும் தனித்தனியே உள்ள கார்களில், இரண்டையும் ஒரே வயரில் சேர்க்க ஒரு சிறு பெட்டி இருக்கும். அதற்குள் சிக்னல் போய் வெளியே வரவில்லை என்றால், பேட்டரியிலிருந்து அதற்கு வரும் லைனின் ஃபியூஸை முதலில் பாருங்கள். ஃபியூஸும் எர்த்தும் சரி என்றால் பெட்டி போய்விட்டது. டிரெய்லரில் ஷார்ட்டைத் தேடாமல் புதியதை மாட்டாதீர்கள், அதுவும் போகும்.

4. ஷார்ட்

டிரெய்லர் பிளக்கில் வெள்ளைக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். அதற்கு முன் பக்கவாட்டுச் சிறு விளக்குகள் உட்பட எல்லா பல்புகளையும் கழற்றிவிடுங்கள். குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு, மீட்டரில் ஷார்ட் போலவே தெரியும். கழற்றிய பிறகும் தடை குறைவாக இருந்தால், வயர் சட்டத்துக்குள் நுழையும் ஓட்டையின் விளிம்பில் தேடுங்கள். உரசி உறை கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒட்டுப்போட, வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல கிளிப்புகளை வாங்கவே வாங்காதீர்கள். வயருக்குள் இருக்கும் கம்பிகளை வெட்டிவிடும், தண்ணீரும் உள்ளே போகும். சூட்டில் சுருங்கி உள்ளே பசை உருகும் பட் கனெக்டர் (இரண்டு வயர் முனைகளைச் சேர்க்கும் சிறு குழாய்) போடுங்கள்.

பின்னர் சேர்த்தது: படகு டிரெய்லர் வைத்திருப்பவர்கள், தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்பில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். எல்.இ.டி. விளக்குக்கு மாறினால் இந்தப் பிரச்சினை குறையும், ஆனால் எர்த் கெட்டுப்போனால் அதுவும் எரியாது.