சல்லடையில் சலிக்காமல் தூற்றாதீர்கள்

அடித்த தானியத்தைக் காற்றில் தூற்றினால் கல் முன்னே விழும், பதர் பறந்துபோகும், நடுவில் நல்ல தானியம் நிற்கும். பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது தெரியாத விவசாயி இல்லை. அப்படியிருந்தும் தூற்றிய ராகியில் களி கிண்டினால் பல்லில் மண் நெறிபடுகிறதே, ஏன்?

காற்று எடையை மட்டும் பார்ப்பதில்லை. மணியைக் கீழே இழுப்பது அதன் எடை. பக்கவாட்டில் தள்ளுவது அதன்மேல் மோதும் காற்று. எது ஓங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் மணி விழும் இடம் அமையும். கல்லின் அடர்த்தி தானியத்தைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு. ஆகவே ராகி பருமனுள்ள கல் முன்னதாகவே விழுந்துவிடும். ஆனால் ராகியில் பாதி பருமனுள்ள மணல், ராகி விழும் இடத்திலேயே வந்து விழும். எத்தனை முறை தூற்றினாலும் அது போகாது.

அதனால்தான் சலிக்காமல் தூற்றுவதைப் பெரிய தவறு என்கிறேன். முதலில் பெரிய கண் சல்லடையில் தாளையும் பருங்கல்லையும் நிறுத்துங்கள். பிறகு சின்னக் கண்ணில் மணலை இறக்குங்கள். மிஞ்சுவதெல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் இனி காற்று எடை பார்த்துச் சரியாகப் பிரிக்கும். தார் ரோட்டில் பரப்பி, வண்டி ஏறவிட்டு எடுத்த ராகிக்கும் கொள்ளுக்கும் இது கட்டாயம்.

பதர் போகவில்லை என்று ஃபேனை முழு வேகத்தில் வைப்பது அடுத்த தவறு. காற்றின் வேகம் 2 மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்காகும்; சாமை போன்ற பொடித் தானியம் பதரோடு சேர்ந்தே போய்விடும். பெரும்பாலும் குறை ஃபேனில் இருக்காது, கொட்டும் விதத்தில்தான் இருக்கும். முறத்திலிருந்து கட்டியாகக் கொட்டினால் வெளியே உள்ள மணிகள் உள்ளே காற்றுப் புகாமல் மறைத்துவிடும். மெல்லிய திரையாக, சீராக விடுங்கள். மார்கழிப் பனி ஏறிய தானியத்தை வெயில் காட்டாமல் தூற்றவும் வேண்டாம்; ஈர உமி கனக்கும், மணியோடு ஒட்டிக்கொள்ளும்.

குவியலை அப்படியே வாரி மூட்டை கட்டிவிடாதீர்கள். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் கல் இருக்கும், எதிர் ஓரத்தில் சரியாக முற்றாத மணி இருக்கும். இரண்டையும் தனித்தனியே ஒதுக்கி மறுபடி தூற்றினால் நல்ல மணி இன்னும் கொஞ்சம் தேறும்.

சித்தேரி மலைச் சாமையை அரைத்தபின் உமியைக் காற்று கொண்டுபோகும். அரிசியோடு தங்கிவிட்ட உமி நீங்காத சாமையைப் பிரிப்பது அதற்குக் கடினம். பருமனிலும் எடையிலும் வித்தியாசம் குறைவு. அதை முறத்தில் கொழித்துத்தான் எடுக்கவேண்டும்.