ஒட்டாத பிப்பெட்டும் ஒரு ரப்பர் வளையமும்

பேட்ச் கிளாம்ப் முறையில் நரம்புச் செல்களின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் எங்கள் ஆய்வகத்தில், பிப்பெட் எனும் நுண்முனைக் கண்ணாடிக் குழாய்க்கும் செல் சவ்வுக்கும் இடையே கிகாஓம் (1000 மெகாஓம்) அளவிலான மின்தடை தரும் இறுக்கமான அடைப்பு உருவாகவே இல்லை. மின்தடை 200 மெகாஓமைத் தாண்டாமல் ஐந்து நாட்கள் வீணாயின.

முதலில் செல்களைச் சந்தேகித்துப் புதிதாக வளர்த்தோம். பிப்பெட்டில் நிரப்பும் உட்கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தோம், பிப்பெட் முனைகளைத் தீயில் மெருகேற்றினோம். பயனில்லை.

செல்லை நெருங்கும்போது பிப்பெட்டின் உள்ளிருந்து தரும் அழுத்தத்தால் அதன் மேற்பரப்பில் சிறு குழி விழ வேண்டும். எங்களுக்கும் விழுந்தது, ஆனால் சில விநாடிகளில் தானாகவே மறைந்தது. இதை ஐந்தாம் நாள்தான் கவனித்தேன். அழுத்தம் எங்கோ கசிந்து, முனையிலிருந்து வெளியேறும் ஓட்டம் நின்றதால், கரைசலில் மிதக்கும் அழுக்கு முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உறுதிசெய்ய, கரைசல் நிரப்பாத பிப்பெட்டைத் தாங்கியில் பொருத்தி, முனையை எத்தனாலில் அமிழ்த்தி, 10 மில்லி ஊசிக்குழலைப் பாதிவரை அழுத்திப் பிடித்தேன். நூல்போல எழுந்த குமிழ்கள், கையை எடுக்காமலே நின்றுபோயின. தாங்கியைக் கழற்றியபோது உள்ளிருந்த ரப்பர் வளையத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தது. புதிதாக வந்த கண்ணாடிக் குழாய்களின் பின்முனை மெருகேற்றப்படாததால், செருகும் ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கீறியிருக்கிறது. பிப்பெட்டினுள் மின்முனையாக இருக்கும் வெள்ளிக் கம்பியின் குளோரைடு பூச்சும் அதனாலேயே சுரண்டப்பட்டிருந்தது.

வளையத்தை மாற்றி, பின்முனைகளைச் சுடரில் காட்டி மழுக்கிய பிறகு, முதல் செல்லிலேயே 2 கிகாஓம் கிடைத்தது.