வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பாம்பு விலாங்கு: மணல், மூடி, அதன் பிறகே மீன்

பாம்பு விலாங்கு வளர்க்க விரும்புபவர் முதலில் வாங்க வேண்டியது மணல், அடுத்தது மூடி, மீன் கடைசியாக வந்தால் போதும். இந்த மீன் பகலில் பெரும்பாலும் மணலுக்குள் உடலைப் புதைத்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து தொட்டியின் ஒவ்வொரு மூலையையும் மோப்பம் பிடித்துத் திரியும், அப்போது ஓர் இடுக்கு அகப்பட்டால் அதன் வழியே வெளியேறியும் விடும். அதன் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு பழக்கங்களுக்குள் அடங்கிவிடுவதால், தொட்டியை அமைப்பவரின் கவனமும் இந்த இரண்டின் மீதே இருக்க வேண்டும்.

பாம்பு விலாங்குகள் ஓபிக்திடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவற்றுள் பலவற்றுக்கு வால் துடுப்பு கிடையாது. அதற்குப் பதிலாக வால் நுனி கெட்டியாகவும் கூராகவும் இருக்கும். அதை மணலில் குத்தி, பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். கடைகளில் பெரும்பாலும் காணப்படுவது வெண்ணிற உடலில் கருப்பு வளையங்கள் கொண்ட மிரிக்திஸ் கொலுப்ரினஸ். நஞ்சுள்ள கடற்பாம்பான லாட்டிகாடா கொலுப்ரினாவைப் போலத் தோற்றம் கொண்டிருப்பதே அதற்குக் காப்பு. பாம்புக்குச் செதில்களும் துடுப்புக்கட்டை போன்ற தட்டையான வாலும் உண்டு, மூச்சுக்கு அது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விலாங்குக்குச் செதில் இல்லை, முதுகில் தாழ்வான துடுப்பு ஓடும், செவுளால் மூச்சுவிடும். இந்த மீனுக்கு நஞ்சு கிடையாது. மஞ்சள் கலந்த உடலில் கரும்புள்ளிகள் கொண்ட மிரிக்திஸ் மாக்குலோசஸ் இனமும் சில சமயம் வரும். இரண்டுமே ஏறத்தாழ 1 மீட்டர் வரை வளரக்கூடியவை என்பதைக் கடைக்குப் போகும் முன்பே மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே பையில் சுருண்டு கிடக்கும் 30 சென்டிமீட்டர் குட்டியைப் பார்த்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யக் கூடாது.

ஒரே பெயரில் வெவ்வேறு மீன்கள் விற்கப்படுவதும் உண்டு. ஸ்னோஃப்ளேக் மோரே போன்ற அஞ்சாலைகளுக்குப் பாறை இடுக்குகளே வீடு. அவற்றுக்காக அமைத்த தொட்டி பாம்பு விலாங்குக்கு ஏற்றதன்று. பிராக்கிசோமோஃபிஸ் எனப்படும் முதலைத்தலைப் பாம்பு விலாங்கும் மணலில் புதைவதுதான். ஆனால் அது 1 மீட்டருக்கு மேல் வளர்ந்து, மேலே கடந்து போகும் மீன்களைப் பிடித்துத் தின்னும் பதுங்கு வேட்டையாடி. வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

தொட்டியைப் பொறுத்தவரை உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். நீளம் 150, அகலம் 60, உயரம் 50 சென்டிமீட்டர் என்ற அளவு வளர்ந்த விலாங்குக்கும் பொருந்தும். இந்தத் தொட்டியில் 15 சென்டிமீட்டர் மணலும் 30 சென்டிமீட்டர் நீரும் மேலே 5 சென்டிமீட்டர் இடைவெளியும் விட்டால், மணல், நீர், கண்ணாடி ஆகியவற்றின் எடை மட்டுமே 600 கிலோகிராமை எட்டிவிடும். அடிப்பெட்டியும், அதற்குள் நீரை வடிகட்டும் துணைத் தொட்டியான சம்பும் அதற்கு மேல். குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோகிராம் என்ற சுமைக் கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. அந்தக் கணக்கு அறை முழுவதும் பரவும் சுமைக்கானது என்பதால், 1 சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் இவ்வளவு எடை நின்றவுடன் தளம் இடிந்துவிடும் என்று பொருளில்லை. என்றாலும் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்து நடுவில் இதை நிறுத்துவது விவேகமன்று. தாங்கு சுவரையோ உத்தரத்தையோ ஒட்டி வைப்பதும், ஐயம் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதும் நல்லது. பலரும் தொட்டிக்கு அளவெடுத்துக் கொடுத்த பிறகே எடையைப் பற்றி யோசிக்கிறார்கள்.

இனி மணல். அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த, மணிகள் 1 மில்லிமீட்டரைத் தாண்டாத நுண்மணல்தான் வேண்டும். நொறுக்கிய பவளச் சல்லியைப் போட்டால், செதிலற்ற தோல் ஒவ்வொரு முறை புதையும்போதும் உராய்ந்து சிவந்து, நாளடைவில் புண்ணாகும். ஆழம் 12 முதல் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் விலாங்கு முழுதாகப் புதைய முடியாமல் தொட்டியின் ஓரமாகவே அலைந்துகொண்டிருக்கும், உணவும் எடுக்காது. பாறைகளை மணலின் மீது வைப்பது பெரும் பிழை. அடியில் தோண்டிக்கொண்டு போகும் மீனின் மேல் பாறை சரிந்தால் அது நசுங்கிச் சாகும், கண்ணாடியும் உடையலாம். எனவே காலித் தொட்டியின் அடியில் பிவிசி குழாய்களால் ஒரு தாழ்வான சட்டகம் அமைத்து, பாறைகளை அதன் மேல் ஆடாமல் நிறுத்தி, அதற்குப் பின்னரே சுற்றிலும் மணலை நிரப்ப வேண்டும். பாறை குறைவாக இருப்பதே நல்லது. மொத்தத் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது அடைக்க வேண்டியதில்லை.

ஆழமான மணலின் அடிப்பகுதியில் உயிர்வளி குறைந்து, கருமையும் அழுகிய முட்டை நாற்றமும் தோன்றக்கூடும். ஹைட்ரஜன் சல்பைடு உருவாவதன் அறிகுறி அது. விலாங்கு தானே மணலைக் கிளறிக்கொண்டிருப்பதால் அது நடமாடும் இடத்தில் இச்சிக்கல் பெரிதாக வருவதில்லை; பாறைக்குப் பின்னால் உள்ள மூலைகளைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே மீந்த உணவு சேராமல் பார்த்துக்கொள்ள நசேரியஸ் நத்தைகள் உதவும். கறுத்துப்போன மணலை ஒரே நாளில் முழுவதும் கிளறினால் நச்சு வாயு நீரில் கலந்துவிடும். சிறு சிறு பகுதியாக, சில வாரங்களில் மாற்றுவதே முறை.

சிங்கப்பூரில் இந்த மீனை வளர்ப்பதன் உண்மையான சிக்கல் மூடியில்தான் தொடங்குகிறது. இங்கே பவளத் தொட்டி வைத்திருப்போர் பலர் மேல்பகுதியைத் திறந்து விட்டு, சிறு மின்விசிறியால் நீர்ப்பரப்பின் மீது காற்றை வீசச் செய்து வெப்பத்தைக் குறைக்கிறார்கள். பாம்பு விலாங்குத் தொட்டியைத் திறந்து வைக்கவே முடியாது. தலை நுழையும் இடத்தில் உடல் முழுவதும் நுழைந்துவிடும். மின்கம்பிக்காக வெட்டிய மூலை, மிகுநீர் வழியும் வழிவாயின் பல்லிடுக்கு, சம்புக்கு இறங்கும் குழாய் எல்லாம் அதற்கு வாசல்தான். அலுமினியச் சட்டத்தில் 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டி, அதைத் தொட்டியின் விளிம்பில் கவ்விகளால் பூட்ட வேண்டும். வெறுமனே மேலே வைத்த வலையை வலுவான விலாங்கு முட்டித் தூக்கிவிடும். கம்பிகள் நுழையும் இடங்களை அக்ரிலிக் துண்டுகளால் அடைக்க வேண்டும். வழிவாய்க்கும் பம்பின் உறிஞ்சுவாய்க்கும் தனித்தனியாக வலையுறை வேண்டும். முழுக் கண்ணாடி மூடியைவிட வலையே மேல், ஏனெனில் நீரும் காற்றும் அதன் வழியே வளிமங்களைப் பரிமாறிக்கொள்ள முடியும்.

மேலே மூடி வந்துவிட்டால் விசிறியின் பயன் பெருமளவு போய்விடுகிறது. சம்பின் மீது விசிறி வைக்கலாம் என்றாலும், ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் உள்ள ஊரில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. ஓரிரு டிகிரிதான் குறையும். இங்குள்ள கடலே 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும்போது குளிரூட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கடலில் அலையும் ஓதமும் இடைவிடாமல் நீரைப் புதுப்பிக்கின்றன. அடைத்த தொட்டியிலோ வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் உயிர்வளி குறைகிறது, அதே வேளையில் மீனுக்கும் மணலிலுள்ள பாக்டீரியாக்களுக்கும் அதன் தேவை கூடுகிறது. விளக்கும் பம்பும் சேர்ந்து பிற்பகலில் நீரை 31 டிகிரிக்குக் கொண்டுபோனால், இரவில் மூச்சுத் திணறி மீன் மேலே வரும். ஆகவே குளிரூட்டியைப் பொருத்தி 25 முதல் 27 டிகிரிக்குள் நிலையாக வைத்திருப்பதும், நுரையால் கழிவை நீக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை இரவிலும் ஓட விடுவதும் இங்கே ஆடம்பரமல்ல. குளிரூட்டி வெளியேற்றும் வெப்பக் காற்று அடிப்பெட்டிக்குள்ளேயே தங்கினால் அது ஓயாமல் ஓடி மின்கட்டணத்தை ஏற்றும் என்பதால், காற்றோட்டம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; மற்றக் கடல் மீன்களுக்கு உள்ளதே இதற்கும். ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026 வரை, காரகாடித்தன்மை (pH) 8.1 முதல் 8.4 வரை, அமோனியாவும் நைட்ரைட்டும் அறவே கூடாது. குழாய்நீரில் குளோரமின் இருப்பதால், ஓரிரவு வாளியில் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது; கரி வடிப்பானுடன் கூடிய ஆர்ஓ கருவியில் வடித்த நீரில் உப்புக் கலப்பதே பாதுகாப்பானது. கடல்நீரை அப்படியே வாங்கிப் பயன்படுத்துவோர் அதை அளந்து பார்க்க வேண்டும், ஏனெனில் நம் கரையோர நீரின் உப்புச்செறிவு திறந்த கடலைவிடக் குறைவு. வாரந்தோறும் 10 முதல் 15 விழுக்காடு நீரை மாற்றலாம். தொட்டி ஓடத் தொடங்கி, நைட்ரஜன் சுழற்சி (பாக்டீரியாக்கள் பெருகி அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கும் கட்டம்) முடிந்து, மணலில் உயிர்கள் நிலைபெறும் வரை, அதாவது குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள், மீனை வாங்காமல் காத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரரை ஒரு துண்டு இறால் கொடுத்துக் காட்டச் சொல்வது தவறாகாது. தின்னும் மீனையே வாங்க வேண்டும். மூக்கிலும் தாடையிலும் காயம் இருக்கிறதா, வயிற்றுப்புறம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையின் வெறுந்தரைத் தொட்டியில் நாள்கணக்கில் புதைய இடமின்றிக் கிடந்த மீன் களைத்திருக்கும். செக் ஜாவாவிலோ சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவிலோ நீர் வற்றும் வேளையில் கண்ட உயிரினத்தை வாளியில் அள்ளி வரலாம் என்ற எண்ணமே கூடாது. பாதுகாக்கப்பட்ட அவ்விடங்களில் அதற்கு அனுமதி இல்லை.

புதிய மீனைத் தனிமைத் தொட்டியில் சில வாரங்கள் வைத்துக் கவனிப்பது நல்ல வழக்கம். அங்கேயும் ஒரு பெரிய பாத்திரத்தில் மணல் நிரப்பி வைக்க வேண்டும், மூடியும் பூட்டியிருக்க வேண்டும். செம்பு கலந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்: செதில் இல்லாத இந்த மீன் அதைத் தாங்காது, அரகோனைட் மணலும் செம்பை உறிஞ்சிக்கொண்டு மருந்தின் அளவைக் குழப்பிவிடும்.

மிரிக்திஸ் இனங்களின் பற்கள் மழுங்கியவை, நண்டின் ஓட்டை நொறுக்குவதற்கானவை. ஆகவே உணவும் அதற்கேற்ப இருக்க வேண்டும். தேக்கா சந்தையில் காலையில் கிடைக்கும் பூ நண்டு, தோலோடு கூடிய இறால், சோத்தோங் (கணவாய்), லாலா (மட்டி) ஆகியவை அனைத்தும் ஏற்றவை. உப்போ மஞ்சளோ படாதவையாக வாங்கி, கழுவி, துண்டாக்கி, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். இறாலையே மாதக்கணக்கில் கொடுப்பது தவறு. பல வகை இறாலிலும் சிப்பியிலும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தயமினேஸ் என்னும் நொதி உண்டு. உறைய வைப்பதால் அது அழிவதில்லை. வகை மாற்றி மாற்றிக் கொடுப்பதும், வாரம் ஒருமுறை வைட்டமின் கரைசலில் ஊறவைத்த துண்டைக் கொடுப்பதும் இதற்குத் தீர்வு. பொன்மீன், கப்பி போன்ற நன்னீர் மீன்களைத் தீனியாகப் போடக் கூடாது.

விலாங்கின் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. விளக்கு அணைந்த பிறகு, நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியால் உணவை அதன் மூக்கருகே கொண்டுபோய் மெல்ல அசைத்தால், சற்று நேரம் தடவித் தேடிவிட்டுக் கவ்வும். விரலால் கொடுக்கலாகாது, உணவின் வாடை படிந்த விரலும் அதற்கு உணவுதான். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். புதிதாக வந்த மீன் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஒன்றும் தொடாமல் இருக்கலாம். அப்போது மணலைக் கிளறி அதைத் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உயிருள்ள சிறு நண்டு ஒன்றை மாலையில் விட்டுப் பார்க்கலாம். காலையில் ஓடு மட்டும் கிடந்தால் கவலையில்லை.

துணை மீன்களாக ஓரா, சர்ஜன், பெரிய ஏஞ்சல் வகைகள் ஒத்துப்போகும். மணலில் வாழும் சிறு கோபி, இறால், நண்டு எல்லாம் இரையாகிவிடும். டிரிகர் மீனும் பேத்தையும் நேர்மாறு: மணலுக்கு வெளியே நீட்டியிருக்கும் மூக்கை அவை கடித்துக் குதறும்.

என்றாவது விலாங்கு தரையில் கிடக்கக் கண்டால், உலர்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்; தோலின் கோழை ஈரத்தைச் சிறிது நேரம் காக்கும். கையை நனைத்துக்கொண்டு எடுத்து, தொட்டிநீர் நிரப்பிய வாளியில் காற்றுக்கல்லுடன் விட்டு, செவுள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டிக்குத் திருப்பும் முன் அது வெளியேறிய வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இடவசதி இல்லாமல் போனால் கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுக்கலாம். கடலில் விடுவது சூழலுக்குக் கேடு, அனுமதியின்றி விலங்குகளை இயற்கையில் விடுவது சட்டப்படி குற்றமும்கூட.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் தொட்டியைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்கும்போது உணவைப் பற்றி நீண்ட குறிப்பு எழுதி வைக்க வேண்டியதில்லை, ஏனெனில் நன்கு தின்று வளர்ந்த விலாங்கு பத்து நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது. நாளுக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்க்கவும், சம்பில் நீர் குறைந்தால் உப்பில்லாத ஆர்ஓ நீரை மட்டும் குறியிட்ட கோடு வரை ஊற்றவும், எக்காரணம் கொண்டும் வலை மூடியின் கவ்விகளைத் திறக்காமல் இருக்கவும் சொன்னால் போதும். மீன் கண்ணில் படவில்லையே என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கக்கூடும் என்பதால், பகலில் அது தென்படாமல் இருப்பதே இயல்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.