எலி வேண்டும் என்று கேட்கும் முன்: விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு 'பார்ம் பி' எழுதுவது எப்படி

விலங்குப் பரிசோதனைக்கு அனுமதி கேட்கும் படிவம் பார்ம் பி. சீனியரின் தீசிஸிலிருந்து அதை அப்படியே எடுத்து, செடியின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது பார்மசி கல்லூரிகளில் பழகிப்போன வழக்கம். குழு திருப்பி அனுப்பினால், நெறிமுறை பற்றி இரண்டு பத்தி சேர்த்து மறுபடி கொடுக்கிறார்கள். அந்தப் பத்திகளை யாரும் தேடுவதில்லை. எத்தனை எலி, எவ்வளவு ரத்தம், எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்ற எண்களில்தான் உங்கள் நெறிமுறை வாதம் இருக்கிறது.

விலங்குக்கு உரிமை உண்டு, மனிதருக்கு எத்தனை நன்மை வந்தாலும் அதை மீறக் கூடாது என்று வாதிடும் தரப்பு வலுவானது. பார்ம் பி அவர்களுக்குப் பதில் சொல்லாது. நம் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பரிசோதனையை அனுமதித்துவிட்டு, 17ஆம் பிரிவில் கடிவாளம் போடுகிறது: தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும், சிறிய விலங்கு போதுமென்றால் பெரியது கூடாது, கைப்பழக்கத்துக்காக மட்டும் செய்யக் கூடாது. எலி, முயல் போன்றவற்றுக்குக் கல்லூரியின் குழுவே அனுமதி தரலாம். நாய், குரங்கு என்றால் குழுவின் பரிந்துரையோடு மத்தியக் குழுவான சிசிஎஸ்இஏ வரை போக வேண்டும்.

நம்மூரில் அதிகம் வரும் தலைப்பையே எடுத்துக்கொள்வோம்: ஸ்ட்ரெப்டோசோடோசின் (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும் வேதிப்பொருள்) ஊசியால் நீரிழிவு வரவழைத்த விஸ்டார் வகை ஆய்வக எலிகளில் ஒரு மூலிகைச் சாறு.

எலி தேவையா?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில் செடியின் தாவரவியல் பெயரையும் அதன் பழைய பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் போன்றவற்றுக்கு எலி ஆய்வுகள் ஏற்கெனவே உண்டு. 'எங்கள் மாவட்டத்துச் செடியில் செய்யவில்லை' என்பது இன்னொரு தொகுதி எலிகளுக்குக் காரணம் ஆகாது. புதுக் கேள்வி இருந்தால், ஆல்ஃபா-அமைலேஸ், ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் (மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள்) தடுப்புச் சோதனைகளையும், ஆய்வகத்தில் வளர்க்கும் எல்6 தசைச் செல்களில் குளுக்கோஸ் உறிஞ்சலையும் முதலில் செய்யுங்கள். அங்கே ஒன்றும் வராத சாற்றை எலிக்குக் கொடுப்பதானால், எந்த வழியில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என எழுத வேண்டிவரும்.

நச்சுத்தன்மைச் சோதனைக்குப் பழைய தீசிஸ்களில் எல்டி50 முறை (பாதி விலங்குகளைக் கொல்லும் டோஸைக் கண்டறிவது) இருக்கும். அதற்கான, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 401-ஆம் விதிமுறை 2002-லேயே நீக்கப்பட்டுவிட்டது. 423-ஆம் முறையில் படிக்கு 3 எலிகள் போதும். அதே சாற்றுக்கு நம்பகமான தரவு வெளியாகியிருந்தால் அந்த மூன்றும் வேண்டாம்.

எத்தனை?

'குரூப்புக்கு 6' என்பதற்கு வழக்கத்தைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை. முன்தரவு இருந்தால் ஜி-பவர் மென்பொருளில் 80 சதவீதத் திறன் (உண்மையான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வைத்துக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் எளிய வழி ஒன்று உண்டு: மொத்த எலிகளிலிருந்து குரூப்புகளின் எண்ணிக்கையைக் கழித்தால் விடை 10-க்கும் 20-க்கும் இடையில் வர வேண்டும். சாதா கன்ட்ரோல் (நோயில்லாத ஒப்பீட்டுக் குரூப்), நீரிழிவு கன்ட்ரோல் (நோய் உண்டு, மருந்து இல்லை), மெட்ஃபார்மின் (வழக்கமான நீரிழிவு மாத்திரை), சாற்றின் குறைந்த டோஸ், கூடிய டோஸ் என 5 குரூப்; தலா 6 என்றால் 30-5=25. அதிகம். தலா 5 என்றால் 25-5=20. சரி.

ஊசி போட்டவற்றில் சில இறக்கும், சிலவற்றுக்குச் சர்க்கரையே ஏறாது. 20 சதவீதம் இழப்பு என்றால் பலர் ஊசி போடும் நான்கு குரூப்பின் 20 எலிகளோடு 4 சேர்க்கிறார்கள். 24-இல் 20 சதவீதம் போனால் 19 தான் மிஞ்சும். வகுக்க வேண்டும்: 20/0.8=25. ஊசி போடாத கன்ட்ரோலுக்கு உபரி தேவையில்லை, அது 5. மொத்தம் மறுபடி 30-தான். ஆனால் இந்த 30-க்குக் கணக்கு இருக்கிறது.

எந்த எலி எந்தக் குரூப் என்பதை எக்செல்லின் சீரற்ற எண்களால் முடிவு செய்யுங்கள். கூண்டுக்குள் கை விட்டால் முதலில் சிக்குவது மந்தமான எலி. அவையெல்லாம் ஒரே குரூப்பில் சேர்ந்தால் மொத்த ஆய்வும் வீண்.

வலியைக் குறைப்பது

இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. ஸ்ட்ரெப்டோசோடோசினைக் குளிர்ந்த 0.1 மோலார் சிட்ரேட் பஃபரில் (பிஹெச் 4.5) கரைத்த உடனே போட வேண்டும், மேசையில் கிடந்தால் சிதைந்துவிடும், பாதி எலிகளுக்கு நோய் வராது, திரும்ப ஊசி போடத் தோன்றும். ஊசிக்குப் பின் அழியும் பீட்டா செல்கள் இன்சுலினைக் கொட்டுவதால் முதல் நாளில் சர்க்கரை சரிந்து எலி சாகலாம். அன்று இரவு குடிநீரில் 5 சதவீத குளுக்கோஸ் வைப்பதாகப் படிவத்திலேயே எழுதுங்கள். நோய் வந்த எலி ஓயாமல் சிறுநீர் கழிக்கும். கூண்டில் பரப்பிய உமியைத் தினமும் மாற்றாவிட்டால் ஈரத்திலேயே கிடக்கும்.

200 கிராம் எலியின் மொத்த ரத்தம் கிலோவுக்கு 64 மி.லி. கணக்கில் 12.8 மி.லி.; ஒரு தடவையில் 10 சதவீதம், அதாவது சுமார் 1.3 மி.லி.தான் எல்லை. வாராந்தரச் சர்க்கரைக்கு வால் நுனியில் ஒரு சொட்டும் குளுக்கோமீட்டரும் போதும். கண்குழி வழியாக வாராவாரம் எடுப்பதாக எழுதினால் குழு கேள்வி கேட்கும், கேட்க வேண்டும்.

நீரிழிவு கன்ட்ரோல்தான் தர்மசங்கடமான குரூப்: மருந்தே இல்லாமல் 28 நாள் தவிக்கும். எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்று முன்பே எழுதுங்கள்: தொடக்க எடையில் 20 சதவீதம் குறைவு, நீர் குடிக்காமை, மயிர் சிலிர்த்துக் கூனிக் கிடப்பது. கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசிவது ரத்தமில்லை, பெரும்பாலும் மன அழுத்தத்தாலும் நோயாலும் சுரக்கும் போர்பிரின் என்ற நிறமி. அதையும் குறிக்கச் சொல்லுங்கள். யார், எத்தனை மணிக்குப் பார்ப்பார்கள், ஞாயிறு யார் என்பதும் வேண்டும்.

ஆய்வின் முடிவில் எலியைக் கொல்ல ஈதர் ஜாடி என்று எழுதாதீர்கள். மூச்சுப்பாதையை எரிக்கும், தீயும் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு என்றால் நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம்: 20 லிட்டர் பெட்டிக்கு 6 முதல் 14 லிட்டர். வாயு ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர் இல்லாமல் இது நடக்காது.

வெளி உறுப்பினருக்கு

குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவர் இருப்பார். அவருக்கான சுருக்கத்தைத்தான் எல்லோரும் கடைசி நிமிடத்தில் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் உயிரியலாளர் பேட்ரிக் பேட்சன் 1986-இல் சொன்ன மூன்று அளவுகோல்கள் உதவும்: விலங்குக்கு எவ்வளவு துன்பம், ஆய்வு எவ்வளவு தரமானது, பயன் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி, கலைச்சொல் இல்லாமல். 'நீரிழிவு நோயாளிகளுக்குப் பயன்படும்' என்று அளக்காதீர்கள். இந்தச் சாற்றை மேலும் ஆராயலாமா, கைவிடலாமா என்று தெரியவரும். அதுதான் உண்மை, அதையே எழுதுங்கள்.

அனுமதி வந்தபின் டோஸ், நாட்கள், எண்ணிக்கை எது மாறினாலும் முதலில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். எலி வந்ததும் குறைந்தது ஒரு வாரம் தனிமைப்படுத்தல். இறந்தவை உட்பட ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறட்டும். நோய் வராமல் ஒதுக்கியவற்றின் கணக்கும் ஆய்வுக் கட்டுரையில் வர வேண்டும்.