முழுநீள நாடகம் போடணுமா, முதல்ல அத வாய்விட்டுப் படிங்க

இங்க சிங்கப்பூர்ல, ரெண்டு மூணு வருஷம் இருபது நிமிஷ நாடகம் போட்டுக் கை பழகின தமிழ்க் குழுவுல, ஒரு நாள் ரிகர்சல் முடிஞ்சு காப்பிக் கடையில உக்காந்திருக்கும்போது யாராவது ஒருத்தர், "இந்தத் தடவ முழுசா ஒண்ணு போடலாமே"ன்னு ஆரம்பிப்பாங்க. அன்னிக்கு ராத்திரியே வாட்ஸப் குரூப்புல பிடிஎஃப் வந்து குவியும். எல்லாரும் எம்ஆர்டி ரயில்ல போகும்போது ஃபோன்ல கொஞ்சம் கொஞ்சமாப் படிப்பாங்க, அப்புறம் ஓட்டுப் போடுவாங்க, அதிக ஓட்டு வாங்கினத எடுப்போம். நாங்க முதல் முழுநீள நாடகத்த இப்படித்தான் எடுத்தோம், மூணு மாசம் கழிச்சு அத நடுவுலயே கைவிட்டோம். அந்த மூணு மாசத்துல எங்கள விட்டுப் போன ரெண்டு பேர் அப்புறம் நாடகப் பக்கமே வரல. அதனாலதான் இத எழுதறேன். ஃபோன்ல படிக்கிறப்போ பிரமாதமா இருந்த அந்த நாடகம் எங்க யார் வாயிலயும் உக்காரல, அத முதல் வாரமே கண்டுபிடிச்சிருக்கலாம்.

வந்த பிடிஎஃப்ல மூணே மூணு எடுத்துக்கங்க. அத டைரக்டரும் அனுபவம் உள்ள ஒருத்தரும் சேந்து வடிகட்டினாப் போதும். ஒவ்வொண்ணயும் குழுவா உக்காந்து வாய்விட்டுப் படிக்க (இதத்தான் ரீடிங்னு சொல்றேன்) ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, மூணையும் ஒரே நாள்ல படிச்சா மூணாவதுக்கு நியாயம் கிடைக்காது. எடம் பெருசா வேண்டாம், சமூக மன்றத்துல ஒரு ரூம், இல்லன்னா யாராவது ஒருத்தரோட வீவக அடுக்குமாடி வீட்டு ஹால். யாருக்கு எந்த ரோல்னு முடிவு பண்ணாதீங்க, காட்சிக்குக் காட்சி ஆள மாத்துங்க, அப்பா ரோல பதினெட்டு வயசுப் பொண்ணு படிச்சாலும் பரவால்ல. பேச்சோட நடுவுல அடைப்புக்குள்ள வர்ற குறிப்புங்கள ஒருத்தர் தனியாப் படிக்கட்டும். இன்னொருத்தர் கையில ஸ்டாப்வாட்ச். இன்னும் ஒருத்தர் ஸ்கிரிப்டயே பாக்காம மத்தவங்க முகத்த மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும், எந்தப் பக்கத்துல ஃபோன எடுத்தாங்க, எங்க சிரிச்சாங்க, எங்க ரூம் அமைதியாச்சுன்னு குறிச்சுக்கணும். இந்த மூணாவது ஆள் எழுதற குறிப்புதான் எனக்கு மத்த எல்லாத்தயும் விட முக்கியம். படிச்சு முடிச்ச உடனே நல்லா இருக்கான்னு கேக்காதீங்க, எல்லாரும் மரியாதைக்கு ஆமான்னுதான் சொல்வாங்க. மறுநாள் காலையில மெசேஜ் போட்டு எந்தக் காட்சி ஞாபகம் இருக்குன்னு மட்டும் கேளுங்க. ஒரே காட்சிய நாலு பேர் சொன்னா அந்த நாடகத்துல உயிர் இருக்கு.

ஸ்டாப்வாட்ச் எதுக்குன்னா, உக்காந்து படிக்கிற நேரம் மேடை நேரம் இல்ல. எங்க அனுபவத்துல எழுபத்தஞ்சு நிமிஷத்துல படிச்சு முடிச்சது மேடையில தொண்ணூத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, நடை, மௌனம், காட்சி மாத்தற இருட்டு எல்லாம் சேந்து. படிக்கவே ரெண்டு மணி நேரம் ஆகுதுன்னா வெட்டணும், வெட்ட ஆசிரியர் சம்மதிப்பாரான்னு இப்பவே யோசிங்க. எடைவேளை எங்க விடலாம்னும் அன்னிக்கே தேடுங்க, வார நாள்ல எட்டு மணி ஷோன்னா புள்ளைங்களோட வர்ற குடும்பம் பத்தர மணிக்கு மேல உக்காராது.

இப்ப மொழிக்கு வரேன், இங்கதான் சிங்கப்பூர்க் குழுக்கள் அதிகமா மாட்டிக்கிறோம். நம்ம ஸ்கிரிப்டுல பாதி தமிழ்நாட்டுலேர்ந்து வர்றது. அதுல தஞ்சாவூர் அக்ரஹாரத்துப் பேச்சு இருக்கும், திருநெல்வேலிப் பேச்சு இருக்கும், மெட்ராஸ் பாஷை இருக்கும். நம்ம நடிகர்கள்ல ஒருத்தர் ஊர்லேர்ந்து வந்து பத்து வருஷம் ஆனவர், ஒருத்தர் தாத்தா காலத்துலேர்ந்து இங்க இருக்கற குடும்பம், இன்னொருத்தர் வீட்டுல இங்கிலீஷ் பேசி வளந்து தமிழ ஸ்கூல் பாடமா மட்டும் படிச்சவர். மூணு பேரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியா நடிச்சா காதுக்கே ஒட்டாது. எழுத்துத் தமிழ் வேகமாப் படிக்க வராதவங்களும் இருப்பாங்க, தங்களுக்குன்னு இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுக்குவாங்க, அதுல எந்தத் தப்பும் இல்ல. ஆனா ரீடிங் அன்னிக்கு அவங்க எந்த வரியில தடுமாறினாங்கன்னு கவனிங்க. எழுத்து தெரியாம தடுமாறினா பயிற்சியில சரியாயிடும், அப்படி ஒரு வாக்கியத்த அவங்க வாழ்க்கையில யாரும் பேசிக் கேட்டதே இல்லன்னா அது சரியாக ரொம்ப நாள் ஆகும்.

அப்ப எல்லாத்தயும் சிங்கப்பூர்த் தமிழுக்கு மாத்திடலாமான்னு கேப்பீங்க. நான் சொல்றது, கதை நடக்கற எடம் மாற முடியும்னா மட்டும் மாத்துங்க. ஒரு குடும்பத்துக்குள்ள சொத்துச் சண்டை, வயசான அம்மாவ யார் பாத்துக்கறதுன்னு பிரச்சினை, இது தோ பாயோவுல நாலு ரூம் வீட்டுலயும் நடக்கும், அப்ப ரூபா வெள்ளி ஆகட்டும், சந்தை பசார் ஆகட்டும், தெரு புளோக் ஆகட்டும். ஆனா கதையோட முடிச்சு ஊர்க்கோயில் முதல் மரியாதையிலயோ வயக்காட்டு வரப்புலயோ இருந்தா பேச்ச மட்டும் இங்கத்துக்கு மாத்தறது அந்த நாடகத்துக்குப் பண்ற அநியாயம். அத அந்த ஊர்ப் பேச்சுலயே பேசப் பழகுங்க, அந்த ஊர்க்காரர் ஒருத்தரக் கூப்பிட்டு வசனத்தப் படிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க. முடியாதுன்னு தோணினா வேற நாடகம் பாருங்க.

நம்ம ஊரோட பல மொழியயே நாடகமா ஆக்கினவங்களும் உண்டு. சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988-ல மேடையேத்தின 'மாமா லுக்கிங் ஃபார் ஹர் கேட்' (இங்க மாமான்னா அம்மா) நாடகத்துல சீனப் பேச்சுமொழியான ஹொக்கியன் பேசற அம்மாவும் தமிழ் பேசற ஒரு பெரியவரும் சந்திக்கிறாங்க. ஒருத்தர் மொழி இன்னொருத்தருக்குத் தெரியாது, ரெண்டு பேருமே பூனையத் தேடறாங்க, ஆனா புரிஞ்சுக்கறாங்க. உங்க குழுவுல மலாய், மாண்டரின் நல்லாப் பேசற நண்பர்கள் இருந்தா முழுக்க முழுக்கத் தமிழ்லயே இருக்கற ஸ்கிரிப்ட் மட்டும்தான் நம்முதுன்னு நெனக்காதீங்க.

ஆள் கணக்கு. குழுவுல பேர் குடுத்தவங்கள எண்ணாதீங்க, செவ்வாக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நெஜமா வர்றவங்கள எண்ணுங்க. எங்ககிட்ட ஒம்போது பேர், அதுல ஆறு பேர் பெண்கள். நாங்க எடுத்ததோ பதினாலு பாத்திரம், பதினொண்ணு ஆண்கள். பழைய தமிழ் ஸ்கிரிப்டுங்க பலதுல இதே கததான், பெண்களுக்கு அம்மா, மனைவி, வேலைக்காரி, முடிஞ்சது. ஆறு நல்ல நடிகைங்கள வச்சுக்கிட்டு அவங்களக் காப்பி கொண்டு வந்து வைக்கிற ரோல்ல நிறுத்தறது எனக்கு இப்பவும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எத்தன வரி, அது மேடையில சும்மா நிக்கிற நேரம் எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க. வக்கீல் பாத்திரத்தப் பெண் வக்கீலா மாத்தினா எதுவும் கெடாதுன்னா ஆசிரியர்கிட்ட கேட்டு மாத்துங்க.

அப்புறம் காலண்டர். இளைஞர்கள்ல யார் தேசிய சேவைக்குப் போகப் போறாங்க, யாருக்கு ரிசர்விஸ்ட் லெட்டர் (சேவை முடிச்சவங்களத் திரும்பப் பயிற்சிக்குக் கூப்பிடறது) வரும், யாரு நர்ஸ், யாருக்கு ஷிப்ட் வேலை, யாரோட புள்ளைக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை. முழுநீள நாடகத்துக்கு மூணு நாலு மாசம் ரிகர்சல் வேணும், அதுல ரெண்டு வாரம் ஹீரோ கேம்புக்குள்ள இருப்பாருன்னா அவர் எல்லாக் காட்சியிலயும் வர்ற நாடகத்த எடுக்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா வர்ற காட்சிங்க நெறைய இருக்கற ஸ்கிரிப்ட் எங்கள மாதிரி வேலைக்குப் போற குழுவுக்குத் தோதானது, தனித்தனியா ரிகர்சல் பண்ணிட்டுக் கடைசில சேத்துக்கலாம். எல்லாரும் எப்பவும் மேடையில இருக்கற கூட்ட நாடகம் பாக்க அழகு, ஆனா ஒருத்தர் வரலன்னா அன்னிக்கு ரிகர்சலே இல்ல.

எடம் சுருக்கமா சொல்றேன். விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகக் கட்டடத்துல இருக்கற டிராமா சென்டர்ல பெரிய அரங்கம் 615 சீட், அதே கட்டடத்துல பிளாக் பாக்ஸ், அதாவது பார்வையாளர் நடிகர் பக்கத்துலயே உக்கார்ற சின்ன அரங்கம், 120 பேருக்கு. இந்த ரெண்டுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் பொருந்தாது. ஒருத்தர் கண்ணு கலங்கறதுதான் உச்சக்கட்டம்னா அது பிளாக் பாக்ஸ் நாடகம். ஏழு எடத்துல கதை நடக்குது, ஒவ்வொண்ணுக்கும் சோபா கட்டில் வேணும்னா பம்ப்-இன் பண்ண, அதாவது செட்ட அரங்கத்துக்குள்ள கொண்டு வந்து அடுக்க, எத்தன மணி நேரம் கிடைக்கும்னு முதல்ல கேளுங்க, வாடகை மணிக்கணக்குலதான் ஏறும். நான் ஸ்கிரிப்ட் படிக்கும்போதே ஒரு நாற்காலியயும் ஒரு மேசையயும் மட்டும் வச்சுக்கிட்டு இந்தக் கதையச் சொல்ல முடியுமான்னு கேட்டுப் பாப்பேன்.

உரிமை விஷயத்துல தயவு செஞ்சு அலட்சியம் வேண்டாம். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருஷம் வரைக்கும் எழுத்துக்கு உரிமை இருக்கு. நெட்ல பிடிஎஃப் கிடைச்சதால அது பொதுச்சொத்து ஆயிடாது. மொழிபெயர்ப்புலதான் நெறைய பேர் ஏமாறுவாங்க, நார்வே நாடகாசிரியர் இப்சன் 1906-லயே இறந்துட்டாரு, அவர் நாடகம் யாருக்கும் சொந்தமில்ல, ஆனா நீங்க கையில வச்சிருக்கற தமிழ் மொழிபெயர்ப்பு போன தலைமுறையில ஒருத்தர் உக்காந்து எழுதினது, அந்த எழுத்து அவரோடது. அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ எழுதிக் கேளுங்க, எத்தன ஷோ, எத்தன சீட், டிக்கெட் விக்கிறீங்களா, எங்க வெட்டப் போறீங்க, எல்லாம் ஒரே லெட்டர்ல. நாங்க கேட்டதுல ரெண்டு பேர் உடனே சந்தோஷமா சம்மதிச்சாங்க, ஒருத்தர்கிட்டேர்ந்து பதில் வரவே அஞ்சு மாசம் ஆச்சு. அதனால எழுத்துல சம்மதம் வர்றதுக்கு முன்னாடி அரங்கத்துக்கு முன்பணம் கட்டாதீங்க.

உரிமைத் தொல்லையே வேண்டாம்னு பழசுக்குப் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல மறைஞ்சவர், உரிமைப் பிரச்சினை இல்ல, ஆனா அவர் நாடகத்துல பாட்டுதான் உயிர், குழுவுல குரல் இருக்கறவங்க நாலு பேராவது இருந்தாத்தான் அதத் தொடணும். சுந்தரம் பிள்ளையோட மனோன்மணீயம் 1891-ல வந்தது, தமிழ்த்தாய் வாழ்த்து அதுலேர்ந்துதான் எடுத்தது, எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம். ஆனா முழுக்கச் செய்யுள், மேடைக்குக் கொண்டு வர்றதுன்னா பெருசா வெட்டி அடுக்கணும். அந்த வேலைக்கு ஒரு வருஷம் ஒதுக்க முடிஞ்சா எறங்குங்க, எனக்கு டிக்கெட் எடுத்து வைங்க.

டிக்கெட் போட்டு பொதுமக்களுக்கு நாடகம் நடத்தணும்னா அரசாங்கத்தோட தகவல் ஊடக ஆணையமான ஐஎம்டிஏ-வோட லைசன்ஸ் வேணும், ஸ்கிரிப்டக் குடுக்கணும், அவங்க ரேட்டிங் போடுவாங்க. இனம், சமயம் பத்தின காட்சிங்க இருந்தா கேள்வி வரும், அதுக்குத் தயாரா இருங்க. அதுக்காக பயந்து சப்புனு ஒரு கதைய எடுக்கச் சொல்லல. உங்க பார்வையாளர் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. ஸ்கூல் புள்ளைங்கள வரவழைக்கிற திட்டம் இருந்து நாடகம் ஆர்18 (18 வயசுக்குக் கீழ அனுமதி இல்ல) ஆயிட்டா திட்டமே போச்சு. ஏப்ரல்ல தமிழ்மொழி விழாவ ஒட்டிப் போட்டா குடும்பம் குடும்பமா வருவாங்க, ஆனா அந்த மாசம் முழுக்க நிகழ்ச்சிதான், எல்லாரும் ஒரே ஆளுங்களத்தான் கூப்பிடுவோம்.

வசனத்த இங்கிலீஷ்ல திரையில காட்டற சர்டைட்டில் போடறதா இருந்தா அதயும் ரீடிங்லயே யோசிச்சிடுங்க. திரையில ரெண்டு வரிக்கு மேல யாரும் படிக்க முடியாது. நிமிஷத்துக்கு நிமிஷம் சிலேடையில சிரிக்க வைக்கிற நாடகம் தமிழ் தெரியாதவங்களுக்குப் போய்ச் சேராது, பக்கத்துல எல்லாரும் சிரிக்க அவங்க திரையப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. எங்க ஷோவுக்கு வந்த நடிகர்களோட ஆபீஸ் நண்பர்கள் அப்படி உக்காந்திருந்தத நான் பின் வரிசையிலேர்ந்து பாத்தேன்.

ஒண்ணு மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, நல்லா ஓடின இருபது நிமிஷ நாடகத்த இழுத்து ஒண்ணர மணி நேரமாக்கறது. சின்ன நாடகம் ஒரு நிமிஷத்துல ஒருத்தர் மனசு மாறறதப் பத்தினது. முழுநீளத்துக்கு எடைவேளைக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு முடிவு எடுக்கணும், எடைவேளைக்குப் பின்னாடி அதோட விலையக் குடுக்கணும். ரீடிங்ல முதல் பாதி முடிஞ்சதும் நிறுத்தி, இனிமே என்ன நடக்கும்னு நெனக்கிறீங்கன்னு கேளுங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லி வாக்குவாதம் வந்தா அதுதான் எடுக்க வேண்டிய நாடகம்.

மூணு ரீடிங்கும் முடிஞ்சதும் ஓட்டு வேண்டாம், டைரக்டர் முடிவு பண்ணட்டும், மூணு மாசம் அதோட தூங்கி எழுந்திருக்கப் போறது அவர்தான். ஆனா முடிவு சொல்றதுக்கு முன்னாடி எடுத்த நாடகத்த இன்னொரு தடவ, நாடகத்துக்குச் சம்பந்தமே இல்லாத அஞ்சாறு பேர் முன்னாடி படிங்க, யாரோட பாட்டி, யாரோட தம்பி, பக்கத்து வீட்டு அங்கிள். நாங்க இப்ப ரிகர்சல் பண்ணிக்கிட்டிருக்கறத அப்படிப் படிச்சப்போ, கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்த ஒரு பாட்டி நடுவுல எழுந்து, "அந்தப் பொண்ணு வீட்ட விட்டுப் போகாதில்ல?"ன்னு கேட்டாங்க. மறுநாளே ஸ்கிரிப்டப் பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டோம்.