ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் ஓசோன்? அளந்து பார்க்கும் முறை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரில் உள்ள சாயத்தை ஓசோனால் நீக்கலாமா என்று கேட்பவர்கள், அடுத்த கேள்வியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் ஓசோன் கிடைக்கும் என்றே கேட்கிறார்கள். சரியான கேள்விதான். ஆனால் மின்திறனைத் தவறான இடத்தில் அளந்தால் விடை இரண்டு மூன்று மடங்கு பிசகிவிடும் என்பதால், வேலூரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் செய்யக்கூடிய அளவீட்டு முறையை இங்கே விளக்குகிறேன்.

மின்னிறக்கத்தால் ஓசோன் தயாரிக்கும் குழாயில், இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் குழாயும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வாயு இடைவெளியும் இருக்கும். இந்த அமைப்பை 1857-இல் வெர்னர் சீமென்ஸ் உருவாக்கினார். மாறுதிசை உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் இடைவெளியில் ஊதா நிற மின்னிழைகள் தோன்றுகின்றன. ஒவ்வோர் இழையும் சில பத்து நானோ விநாடிகளே வாழும்; அது கொண்டுவரும் மின்னூட்டம் கண்ணாடியின் மேல் படிந்து, அந்த இடத்தின் மின்புலத்தைக் குறைத்து, இழையை அணைத்துவிடும். வாயு பெரிதாகச் சூடாகாமல் எலக்ட்ரான்கள் மட்டும் ஆற்றல் பெறுவதற்கும், அவை ஆக்சிஜன் மூலக்கூறை உடைத்து ஓசோனுக்கு வழி செய்வதற்கும் இந்தக் குறுகிய ஆயுளே காரணம்.

அளவீட்டின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. குழாயே ஒரு மின்தேக்கி போல் இயங்குவதால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி ஆற்றல் செலவழிக்காத வீண் ஓட்டமாக இருக்க, அதன் மேல் ஊசி ஊசியாக நானோ விநாடித் துடிப்புகள் ஏறி நிற்கின்றன. ஆகவே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குவது பயன் தராது. சுவர் பிளக்கில் வாட் மீட்டர் வைத்தால் டிரான்ஸ்பார்மர் சூடாவதற்கான செலவும் கணக்கில் சேர்ந்துவிடும். 1943-இல் மேன்லி என்ற ஆய்வாளர் காட்டிய வழியே இன்றும் சிறந்தது: குழாயின் தரைப்பக்க மின்முனைக்கும் எர்த்துக்கும் நடுவே, குழாயின் மின் கொள்ளளவைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஒரு நல்ல பிலிம் மின்தேக்கியைத் தொடராக இணைக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பின் மின்னூட்டமும் அதில் சேர்ந்துவிடுவதால் எதுவும் தப்பாது. அதன் இணைப்பு கழன்றால் முழு உயர் மின்னழுத்தமும், மின்னழுத்தத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்புக்கு வந்துவிடும். எனவே மின்தேக்கிக்கு இணையாக ஒரு காப்புச் சாதனம் கட்டாயம் வேண்டும்.

ஆசிலோஸ்கோப்பின் கிடை அச்சில், குழாயின் மின்னழுத்தத்தை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்துத் தரும் புரோபையும், நெடு அச்சில் அந்த மின்தேக்கியின் மின்னழுத்தத்தையும் கொடுத்தால் திரையில் ஒரு இணைகரம் விரியும். செங்குத்தான பக்கங்கள் மின்னிறக்கம் நடக்கும் நேரத்தையும், சாய்வு குறைந்த பக்கங்கள் அது நின்றிருக்கும் நேரத்தையும் குறிக்கும். செங்குத்துப் பக்கத்தின் சாய்வு கண்ணாடியின் கொள்ளளவைவிடக் குறைந்தால், மின்முனையின் பரப்பு முழுவதும் இழைகள் பரவவில்லை என்று பொருள். இணைகரத்தின் பரப்பை அந்த மின்தேக்கியின் கொள்ளளவால் பெருக்கினால் வருவதே ஒரு சுழற்சியில் செலவாகும் ஆற்றல். எடுத்துக்காட்டாக, 100 நானோஃபாரட் மின்தேக்கியுடன், புரோபின் ஆயிரம் மடங்கைச் சேர்த்த பின் பரப்பு 1,50,000 சதுர வோல்ட் என்றால், ஆற்றல் 0.015 ஜூல், அதிர்வெண் 1,000 ஹெர்ட்ஸ் எனில் திறன் 15 வாட்.

அடுத்தது வேதியியல். வெளிவரும் வாயுவை, தொடராக வைத்த இரண்டு குப்பிகளில் உள்ள 2 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் இரண்டு நிமிடம் செலுத்துங்கள். கரைசல் பழுப்பாக மாறும். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வைக்கோல் மஞ்சளானதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை தொடருங்கள். ஒரு மில்லிலிட்டர் தயோசல்பேட் 2.4 மில்லிகிராம் ஓசோனுக்குச் சமம். 20.8 மில்லிலிட்டர் செலவானால் ஏறத்தாழ 50 மில்லிகிராம், மணிக்கு 1.5 கிராம், 15 வாட்டுக்குக் கணக்கிட்டால் யூனிட்டுக்கு 100 கிராம். சுவரில் 40 வாட் காட்டியிருந்தால் அதே ஓசோன் யூனிட்டுக்கு 37.5 கிராம் என்று தோன்றும். இரண்டையும் எழுதுங்கள், ஆனால் எது எது என்று குறிப்பிடாமல் எழுதாதீர்கள். ஒன்று குழாயின் தரத்தையும் மற்றொன்று மின்கட்டணத்தையும் சொல்கிறது.

வேலூரில் இந்த எண் பருவத்துக்குப் பருவம் மாறும். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையில் பட்டாலே சுடுகிறது. அதைக் குளிர்விப்பு நீராக விட்டால் உருவான ஓசோனில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே சிதைந்துவிடும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் கண்ணாடிப் பரப்பில் கடத்தும் படலமாகி இழைகளை நலியச் செய்வதோடு, காற்றில் உள்ள நைட்ரஜன் வழியாக நைட்ரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. ஆகவே உள்ளே வரும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பானால் அளவீட்டை நிறுத்திவிட்டு, அதை உலர்த்திய பிறகே தொடர வேண்டும். குளிர்விப்பு நீரின் வெப்பநிலையை ஒவ்வொரு அளவீட்டுடனும் குறித்து வைப்பது நல்லது.

வாயுவைக் கொண்டுசெல்லச் சாதாரண ரப்பர் குழாய் கூடாது; ஓசோன் பட்டால் அது வளைவுகளில் கோடையில் காய்ந்த ஏரிப்படுகை போல விரிசல் விட்டுவிடும். டெஃப்லான் குழாயே உகந்தது. எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் ஓசோன் அளவு 0.1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு) மட்டுமே என்பதால், மிச்ச வாயுவை அயோடைடு கரைசல் வழியாகச் செலுத்தி வெளியேற்றுங்கள்.

கழிவுநீரில் சோதிக்கும்போது குரோம் பதனிடும் தொட்டியின் நீரைச் சாய நீரோடு கலக்காதீர்கள். ஓசோன் மூன்று இணைதிறன் குரோமியத்தை நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாற்றக்கூடும் என்பதால், நிறம் போனதைப் பார்த்து நிறைவடையாமல், ஓசோன் செலுத்திய நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் உள்ளதா என்று தனியே சோதிக்க வேண்டும்.